துணிக்கூரைக் கார்

மச்சான் மர்சூக் கொழும்பில் வாங்கி வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிக் கல்முனையில் யாரும் நல்லதாகச் சொல்லவில்லை. சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதி வைத்தேன். பார்க்க அழகுதான், ஆனால் அதற்குள் ஏறுவதா இறங்குவதா என்று தெரியவில்லை என்றார் வாப்பா. மழைக்கு அதன் துணிக்கூரையைவிடக் கிழிந்த குடை மேல் என்பது உம்மாவின் அபிப்பிராயம். பக்கத்து வீட்டு அபூசாலி காக்கா மச்சானிடமே கேட்டார்.

"ரெண்டு பேருக்குத்தான் இடமெண்டா, புள்ள பொறந்தா மடியிலயா மருமகன் வெச்சி ஓட்டுற?"

மச்சான் சிரித்தார். என் மூத்த சகோதரி பரீனா ராத்தாவைக் கலியாணம் செய்து எங்கள் வீட்டில்தான் இருந்தார். எண்பத்தோராம் ஆண்டு, என் கொப்பி ஒன்றை எடுத்துத் தன் கூட்டாளிமாருக்கு வாசித்துக் காட்டியவரும் அவர்தான். கணக்கு மாஸ்டரின் குரலைப் பற்றி அதில் நாலு வரி இருந்தது. மறுநாளிலிருந்து வாப்பா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. காத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம், காலையில் காரைப் பார்த்துவிட்டுப் போன கராஜ் குணம் மறுபடி வந்தார். ராத்தா குளித்துக்கொண்டிருந்தா. அந்நிய ஆண்களுக்கு நாங்கள் முகம் காட்டுவதில்லை. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"ஆரது, மர்சூக்ட பெண்சாதியா?"

"ஓம்" என்றேன். எங்கள் இருவருக்கும் ஒரே குரல்.

"காரை எடுக்க வேணாமெண்டு சொல்லுங்க தங்கச்சி. பிரேக் எண்ணெய் ஒழுகுது. நான் மட்டக்களப்புக்குப் போய் சாமான் எடுத்திட்டு வாறன்."

அதற்கும் ஓம் என்றேன். அந்த அபிப்பிராயத்தையும் கொப்பியில் எழுதினேன். வேறெவரிடமும் சொல்லவில்லை.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மச்சான் காரை எடுத்தார். காரைதீவு வளைவில், நெல் ஏற்றி வந்த லொறிக்கு முன்னால் அது நிற்கவில்லை. மச்சானும் பக்கத்தில் இருந்த ராத்தாவும் அங்கேயே மௌத்தாகிவிட்டார்கள்.

மர்சூக்கின் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்று குணம் எல்லோரிடமும் அழுதார். அவர் பொய் சொல்லவில்லை. ராத்தாதான் மறந்துவிட்டா என்று ஊர் முடிவு செய்தது.

ராத்தாவும் அதில் ஏறுவா என்று நான் நினைக்கவேயில்லை. அதை எழுதத்தான் இந்தக் கொப்பியைத் திறந்தேன். ஆனால் புறப்படும்போது, முக்காடு காற்றில் பறக்கும், ஊசி இருக்கா என்று அவ கேட்டா. எடுத்து வந்து, இரண்டு பக்கமும் இறுக்கிக் குத்திவிட்டது நான்தான்.