குளித்துவிட்டுத்தான் பூப்பறிக்க வேண்டும்

காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்காக என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட் வைத்திருப்பேன். இதை யாரும் எழுதிக்கொள்வதில்லை. நீங்களாவது எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார். நேற்றிலிருந்து ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. முதலிலிருந்து ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

என் பெயர் ஆனந்தமேரி. பத்தாம் வகுப்பு ஆசிரியை. சாணார்பட்டிப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் ராயப்பராஜ் தண்ணீர் பாய்ச்சுவார், மருந்தடிப்பார். எப்போது அடிப்பது, யார் பறிப்பது என்பதெல்லாம் என் முடிவு. மல்லிகை யாருக்காகவும் காத்திருக்காது. மொட்டாக இருக்கும்போதே பறித்து, வெயில் ஏறுவதற்குள் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு பஸ் ஏற்றிவிட வேண்டும். செடியிலேயே விரிந்துவிட்டால் குப்பைதான். பெரியவர்கள் மில் வேலைக்குப் போய்விட்டார்கள், பறிக்க ஆள் கிடைப்பதில்லை. அதனால் என் வகுப்புப் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டேன். விடியும்போது பறிப்பு, பிறகு பள்ளி. கையில் உறை போட்டுக்கொள்ளலாமா என்று ஒருத்தி கேட்டாள். உறை போட்டால் மொட்டு நசுங்கும், வேண்டாம் என்றேன்.

சாமிக்குப் போகிற பூ என்பதால் இந்தப் பக்கத்தில் குளித்துவிட்டுத்தான் பறிக்க இறங்குவார்கள். செருப்பை வரப்பிலேயே விட்டுவிடுவார்கள். நான் மாதா கோவிலுக்குப் போகிறவள், எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனாலும் யாராவது செருப்போடு இறங்கினால் நானே அதட்டுவேன். சுத்தம் நல்ல பழக்கம்தானே. பறித்து முடித்த பிறகு குளிக்க யாருக்கும் நேரமிருக்காது. பனியில் நனைந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தூக்கில் கொண்டுவந்த இட்லியைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார்கள்.

முதலில் தலைவலி என்றார்கள். அப்புறம் குமட்டல். காலை வகுப்பில் ஒருத்தி மாற்றி ஒருத்தி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். வயசுப் பிள்ளைகளுக்குத் தலைவலி வருவது ஊரில் நடக்காததா? பெற்றவர்கள் என்னிடம்தான் வந்து கேட்டார்கள். ராத்திரி போன் பார்க்கிறாள் என்றேன், தண்ணீர் குடிப்பதில்லை என்றேன், பரீட்சை பயம் என்றேன். எல்லாமே உண்மையாகவும் இருக்கலாம் அல்லவா?

அவர்களில் ஜீவிதாவுக்குத்தான் அடிக்கடி வந்தது. அவள் அம்மா ஜக்கம்மாள் ஒரு நாள் வந்து நின்றாள்.

"டீச்சர், தோட்டத்துல காத்து கருப்பு எதையோ பாத்துப் பயந்துட்டா போல. வேப்பெல அடிச்சும் வாந்தி நிக்கல."

"இந்தக் காலத்துலயும் காத்து கருப்புங்கிறியே ஜக்கம்மா. கண்ணுல கோளாறு இருக்கும். ஒரு கண்ணாடி வாங்கிப் போடு, சரியாப் போகும்."

திண்டுக்கல்லில் கண்ணைச் சோதித்தவர் பார்வை நன்றாக இருக்கிறது என்றாராம். டீச்சர் சொன்னார்கள் என்று ஜக்கம்மாள் பிடிவாதமாகப் பவர் இல்லாத ஒரு சாதாரணக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்தாள். ஜீவிதா அதைப் பெருமையாகப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். அன்றைக்கும் வாந்தி எடுத்தாள்.

மழை பிடித்து, மருந்தும் அடிக்காமல் பறிப்பும் இல்லாமல் போன வாரத்தில் ஒருத்திக்கும் தலை வலிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனிக்காமல் இருக்க நான் என்ன முட்டாளா?

மொட்டுப்புழுவுக்குப் புது மருந்து கொடுத்தபோதே கடைக்கார ஆசாத் பாய் சொன்னார். "டீச்சர், இது கடுமையான மருந்து. அடிச்சா நாலஞ்சு நாளைக்கு ஆள உள்ள எறக்கிறாதீங்க." நல்ல மனிதர்தான். ஆனால் அவர் மல்லிகை போட்டதில்லை. நாலைந்து நாள் பறிக்காமல் விட்டால் தோட்டத்தில் என்ன மிஞ்சும்? சொல்கிறவர்களுக்குச் சுலபம். நாங்கள் சாயங்காலம் அடித்து, விடிந்ததும் பறித்தோம்.

ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக வந்தன. ஒரு நாள் சாயங்காலம் வழக்கத்தைவிடக் கூடுதலாக அடிக்கச் சொல்லியிருந்தேன். மறுநாள் விடியும்போது ஜீவிதா ஈரத் தலையோடு வந்தாள். ஒரு நிரைச் செடியில் பாதி பறித்ததும் நின்றுவிட்டாள்.

"டீச்சர், தல கிறுகிறுங்குது. இன்னைக்கு மட்டும் விட்டுருங்க."

"இந்த நெரய மட்டும் முடிச்சிட்டுப் போ தாயி."

முடித்துவிட்டுத்தான் போனாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

வகுப்பில் சரிந்து விழுந்தாள். ஆட்டோ பிடித்து அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது நான்தான். இதையும் யாரும் எழுதவில்லை. டாக்டர் சின்ன வயசுக்காரர். "இப்பிடி வேர்க்குதே, வாயில நீர் வழியுதே. மருந்தடிச்ச தோட்டத்துக்கு எதுவும் போனாளா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். காலையிலருந்து எங்கூட ஸ்பெஷல் கிளாஸ்லதான் இருந்தா," என்றேன்.

ஜீவிதாவுக்கு அப்போது நினைவு இருந்தது. என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது, ஆனால் எதுவும் பேசவில்லை. டீச்சர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் நான்.

டாக்டர் என் பேச்சை நம்பி வேறு எதற்கோ வைத்தியம் பார்த்தார். பொழுது சாயும்போது அவள் போய்விட்டாள். தோட்டத்தில் அடித்த மருந்துக்கு மாற்று மருந்து அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்ததாம். நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

ஏன் பொய் சொன்னாய் என்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் மறுநாள் பறிக்க வரமாட்டார்கள். மறுநாள்தான் பெரிய முகூர்த்தம். அது முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதில் உங்களுக்குப் புரியாதது என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

உன் மகளும் அதே வகுப்புதானே, அவளை ஏன் தோட்டத்தில் இறக்கவில்லை என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விதான் மனதைப் புண்படுத்துகிறது. பிரிஸ்கில்லாவையும் மற்றப் பிள்ளைகளையும் நான் வேறாகப் பார்த்ததே இல்லை. பிஸ்கட்டைக்கூட எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் கொடுப்பேன். அவளைப் பறிக்க அனுப்புவது இருக்கட்டும், எங்கள் தோட்டத்துப் பூவை அவள் தலையில் வைக்கக்கூட நான் விட்டதில்லை. அவளுக்குப் பூஞ்சை உடம்பு, சார். தலைவலி வந்துவிடும்.