நாலாவது அடியில் நீலம்

— ‘2024 மார்ச் 11, திங்கட்கிழமை. ஆம்பூர், பாலாற்றங்கரை மனை. நான்கு அடி ஆழத்தில் எடுத்த மண். குரோமியம், அனுமதித்த அளவைப் போல் ஒன்பது மடங்கு.’ போதுமா மேஸ்திரி?

— கீழ இன்னாமோ போட்டுக்கீதே. அதையும் ஒண்ணுவிடாம தமிழ்ல சொல்லுங்க, உசாமா பாய்.

— ‘குடியிருப்பு கட்டுவதற்கு ஏற்றதல்ல.’

— அன்னிக்கு எத்தினி கல்லு அறுத்திருந்தோம்?

— மண்கல்லா? ஒரு நாலாயிரம்.

— சொவரு?

— ஒரு வரிகூட ஏறல.

— அப்பவே தெரியும் உங்களுக்கு. இப்ப செப்டம்பர்.

— கத்தாதீங்க. உள்ள நம்ம சித்தாள் பட்டம்மாள் தரை தேய்ச்சிட்டு இருக்காங்க.

— தேய்க்கட்டும். அது காலைப் பாத்தீங்களா? இந்த மண்ணை மிதிச்ச காலு. வெரல் இடுக்குல ஓட்டை ஓட்டையா புண்ணு, ஆற மாட்டேங்குது. நேத்துதான் காட்டிச்சு. தோல் பதனிடற டேனரில டிரம்முகிட்ட ஆறு வருஷம் நின்னவன் பாய் நானு. குரோமியம் பட்டு வர்ற புண்ணு எனக்குத் தெரியாதா? அதான் உங்களைப் புடிச்சிக் கேட்டேன்.

— நான் நல்லதுன்னுதானே செஞ்சேன்! சிமெண்ட் வேணாம், ஆத்து மணல் வேணாம், மனையில இருக்கற மண்ணு, கொஞ்சம் சுண்ணாம்பு, அவ்ளோதான். எல்லா ஊர்லயும் இப்பிடித்தான் கட்றாங்க.

— எல்லா ஊர்லயும் மண்ணுக்கு அடியில டேனரிக் கழிவு கெடக்குதா?

— ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே பேப்பர்ல போட்டோ வந்துடுச்சு மேஸ்திரி. ‘ஆம்பூரின் முதல் மண் வீடு’ன்னு. எப்பிடி நிறுத்தறது?

— ஆமா, வந்துச்சு. நீங்க நடுவுல. நான் ஓரத்துல, பாதி மூஞ்சி.

— சுண்ணாம்பு மூணு பூச்சு குடுத்தா உள்ளயே அடங்கிடும்னு நெனச்சேன். அப்புறம் நெனைக்கறதையே விட்டுட்டேன். போன வாரம் வீட்டுக்கார அக்கா, நம்ம கௌசர் ஆபா வந்து சொவத்துல கன்னத்தை வெச்சாங்க. ‘ஜில்லுனு இருக்குடா’ன்னாங்க. நான் வண்டியை எடுத்துட்டுக் கெளம்பிட்டேன்.

— கௌசர் டீச்சரு எதுக்கு மண் வீடு கேட்டாங்க? பொண்ணுக்கு வீசிங். பழைய வீட்ல மூச்சு முட்டுதுன்னு. வெள்ளிக்கெழமை ஜும்மா முடிச்சி குடி வர்றாங்க.

— தெரியும். நல்லா திட்டுங்க.

— திட்டறதுக்கு எனக்கு வாய் ஏது? குழி தோண்டறப்ப நாலாவது அடில நீலமா ஒரு அடுக்கு வந்துச்சே. குரோம் ஏத்தின தோலு அதே கலருதான் இருக்கும். நான் மண்ணை உள்ளங்கையில வெச்சிக்கினு நின்னேன். ‘களிமண்ணுதான் மேஸ்திரி’ன்னீங்க. தெரிஞ்சும் தலையாட்டினேன். ஆறு மாச வேலை போய்டுமேன்னு.

— இடிச்சிடலாம். என் கையாலயே இடிச்சிடறேன்.

— இடிச்ச மண்ணை எங்க கொட்டுவீங்க? அதே குழியிலயா?

— யா அல்லா... ஒரே பேஜாரா இருக்கு. மேஸ்திரி, ஒரு வீடுதானே. இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்...

— பாய்.

— இல்ல, இல்ல. வாய்ல வந்துடுச்சு. அந்தப் போனை எடுங்க. ஆபாகிட்ட நானே சொல்லிட்றேன்.

— வேணாம். மண்ணு மேல சந்தேகமா இருக்குதுன்னு காலையிலயே சொல்லிட்டேன்.

— சொல்லிட்டீங்களா! என்ன சொன்னாங்க?

— சாமான் ஏத்தறதுக்குச் சொல்லி வெச்ச வண்டியை வேணான்ட்டாங்க.

— அப்போ எதுக்கு என்னை நிக்க வெச்சி இதைப் படிக்கச் சொன்னீங்க?

— வெறும் சந்தேகமாவே போய்டாதான்னு பாத்தேன்.

— அதான் அவங்க வரலையே. இனிமே யாருக்கு என்ன?

— மீந்த எழுநூறு கல்லை எடுத்துக்கோங்கன்னீங்களே. எம் பொண்ணு பிரசவத்துக்கு வர்றாளேன்னு அதுல ஒரு ரூமு கட்டினேன். புள்ளைக்கு இன்னியோட பதினோரு நாளு. அவகிட்ட இன்னும் சொல்லல.