வெள்ளம் யாரால் வடிந்தது?

தலையில் கூடை சுமந்தும் யாருக்கும் தலை குனியாதவர், இந்தப் படத்திறப்புக்குத் தலைமை ஏற்றிருக்கும் மீன் விற்கும் மகளிர் சங்கத் தலைவி, தங்கை நர்மதா அவர்களே! பெரியமணல்குப்பத்தின் பஞ்சாயத்துப் பெருமக்களே! அலையோடு மல்லுக்கட்டி ஆண்டுகளைக் கரைத்த பெரியவர்களே! காசிமேட்டு ஏலத்தில் கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன தாய்மார்களே! தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி அமர்ந்திருக்கும் தம்பிமார்களே! இறங்குங்க நைனா, அது இடிஞ்சு வுழுந்தா நாளைக்கு இன்னொரு படம் திறக்கணும். ஓரமாக நின்று என் பேச்சைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் கட்சித் தோழரே! உங்களுக்கும் வணக்கம். போனைக் கொஞ்சம் ஒசத்திப் பிடிங்க, நல்லா பதியட்டும். இவர்கள் எல்லோருக்கும் மேலாக, படத்து மாலைக்குள்ளிருந்து என்னைப் பார்க்கும் சின்னப்பையனே! அவன் மனைவி, முன்வரிசையில் இரண்டு பெண் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் மங்கையே! வணக்கம்.

நான் ராயபுரம் நோயல். முப்பத்தோரு ஆண்டுகள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். அதைவிட அதிக காலம் மேடையில் வாய் ஓட்டியவன். இன்றைக்கு ஒரு பெரிய மனிதரை வாழ்த்திப் பேச வரவில்லை. ஒரு பொய்யைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த வெள்ளம் நினைவிருக்கிறதா? என்ன கேள்வி கேட்கிறேன் பாருங்கள், நினைவில்லாமல் எங்கே போகும்! கார்த்திகைக் கடைசியில் மூன்று நாள் மழை. வானம் பிளந்துகொண்டது, வாய்க்கால் உடைந்துகொண்டது. பின்னால் ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், முன்னால் கடல் கதவைச் சாத்திக்கொண்டது. ஆற்றுக்கு வாசல் முகத்துவாரம். அந்த வாசலில் கடல் மணலைக் கொட்டி மேடாக்கிவிட்டால் ஆறு எங்கே போகும்? உங்கள் வீட்டுக்குள்தான் வரும். வந்தது. காலையில் இடுப்பு. பகலில் மார்பு. கூடவே ஆலைக் கழிவெண்ணெய் வேறு. அதில் நனைந்த பிள்ளைகளின் உடம்பு ஒரு மாதம் அரித்ததே, மறந்துவிட்டீர்களா?

அப்போது இந்த வட்டத்துக் கவுன்சிலர் மலிகா அம்மா. நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு ஆண்டும் ஐப்பசி பிறக்கும் முன்னே, ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கி, இயந்திரத்தைக் கொண்டுவந்து முகத்துவார மணலை அள்ள வைத்தவர். நான்கு ஆண்டும் ஊருக்குள் தண்ணீர் வந்ததா? வரவில்லை. வராத தண்ணீருக்காக யாராவது அவருக்கு ஒரு சால்வை போர்த்தினோமா? போர்த்தவில்லை. ஐந்தாம் ஆண்டு கோப்பு எங்கேயோ மேலே படுத்துத் தூங்கியது. இயந்திரம் வரவில்லை. வெள்ளம் வந்தது. மொட்டை மாடியில் நின்று எல்லோரும் என்ன கேட்டீர்கள்? "கவுன்சிலரம்மா எங்க?"

அம்மாவைக் காணோம். ஆனால் மாலை ஐந்து மணிக்கு வேறொருவர் வந்தார். பெயர் சொல்ல மாட்டேன், தேர்தல் நேரம். படகில் வந்தார், ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தார், கேமராவோடு வந்தார். சின்னப்பையன் வீட்டுச் சந்தில் இறங்கிக் கால் வைத்தார். வைத்து அரை மணி நேரம் ஆகவில்லை, தண்ணீர் இறங்கியது! மார்பிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து முழங்கால், இருட்டுவதற்குள் கணுக்கால். கண்ணால் பார்த்தோமே ஐயா, எப்படி நம்பாமல் இருப்பது? அன்றைக்கு வெள்ளத்தில் போன சின்னப்பையன் உடல் மூன்றாம் நாள் பழவேற்காட்டுப் பக்கம் ஒதுங்கியது. அந்த மனிதர் ஓடி வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார்.

நம் பழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு வீட்டு வாசலில் வந்து நின்றவனை நாம் மறப்பதில்லை. தோள் கொடுத்தவனுக்கு ஊரே கடமைப்பட்டது. இரண்டு மாதத்தில் மாநகராட்சித் தேர்தல். கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது, ஒரே முடிவு, ஒரே சின்னம், ஒரு வீடு பிசகவில்லை. அந்த மனிதர் கவுன்சிலர் ஆனார், மலிகா அம்மாவுக்கு டெபாசிட் போச்சு.

அந்தத் தேர்தலில் நாற்பத்திரண்டு மேடைகளில் நான் பேசினேன். என்ன பேசினேன்? "காலடி வைத்தார், வெள்ளம் வடிந்தது! கைகொடுத்தார், கண்ணீர் வடிந்தது!" நான் கட்டிய வாசகம் அது. சுவரில் எழுதினார்கள், ஆட்டோவில் ஒட்டினார்கள். மலிகா அம்மா ஒரே ஒரு கூட்டத்தில் சொன்னார், "அன்றைக்கு நான் முகத்துவாரத்தில் இருந்தேன்" என்று. விட்டேனா நான்? முதல் கூட்டமே இந்த ஊரில்தான், இதே இடத்தில். "ஊர் மூழ்கியபோது கவுன்சிலர் கடற்கரையில் மணல்வீடு கட்டிக்கொண்டிருந்தாராம்!" என்றேன். விசில் பறந்தது. மங்கையும் அன்று கூட்டத்தில் இருந்தாள்.

என்ன, பின்னாலிருந்து யாரோ கேட்கிறாங்க? "அண்ணே, நீ இப்போ இன்னா கட்சி?" நல்ல கேள்வி கேட்ட தம்பி. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் அதே கட்சிதான். இந்தப் பேச்சு முடிஞ்சதும் அவங்களே சொல்லுவாங்க.

போன மாதம் டோல்கேட்டில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே பெரிய பேனர். நம் கவுன்சிலர் இப்போது சட்டமன்றத்துக்கு நிற்கிறார் அல்லவா, என் வாசகம்தான் மறுபடியும். நானே தலையைத் தூக்கிப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். இந்த ஊர்த் தம்பி ரஞ்சித் பக்கத்தில் வந்து நின்றான். டீயைக் குடிக்காமல் கீழே ஊற்றினான்.

"இன்னாண்ணே எழுதி வெச்சுகீற? அவுரு கால் வெச்சதால தண்ணி வடிஞ்சுதா? நாங்க பன்னெண்டு பேரு வெடிகாலைலேர்ந்து மொகத்துவாரத்து மண்ணை மம்முட்டியும் கடப்பாரையுமா வெட்டிகினு இருந்தோம். மலிகாம்மா பொடவைய வரிஞ்சு கட்டிகினு கூடவே மண்ணு வாரிச்சு. அஞ்சு மணிக்குத்தான் ஒடைஞ்சுது. ஒடைஞ்சப்பத்தான் சின்னப்பையன் பூட்டான்."

ஐயா, அம்மா, கேளுங்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெட்டியிருக்கிறார்கள். ஆற்றுப் பக்கமிருந்து கடலை நோக்கி வெட்டு நீண்டுகொண்டே போகிறது. கடல் பக்கம் கடைசியாக ஒரு முழம் மண் நிற்கிறது. கயிறு எட்டவில்லை. சின்னப்பையன் கயிற்றை அவிழ்த்தான். "டேய், வாணான்டா" என்று பதினோரு பேர் கத்தினார்கள். "பொண்ணுங்க மாடில கீதுங்கடா" என்றான். நான்கு முறை கடப்பாரை இறக்கினான். ஐந்தாவது முறை ஆறு திறந்துகொண்டது, அவனையும் சேர்த்துக்கொண்டு போனது. அந்த நேரத்தில்தான் இங்கே ஒருவர் சந்துக்குள் கால் வைத்துக்கொண்டிருந்தார், கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் சொல்லவில்லை இந்தப் பதினோரு பேரும்? கேட்டேன், கோபமாகவே கேட்டேன். ரஞ்சித் சொன்ன பதிலில் என் கோபம் செத்தது. புயல் கூண்டு ஏறிவிட்டால் கடல் பக்கம் கால் வைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதைவிட, எச்சரிக்கையை மீறிக் கடலுக்குப் போய்ச் செத்தவனுக்கு நிவாரணம் கிடைக்காது என்று யாரோ ஒரு கிளார்க் சொல்லியிருக்கிறார். மங்கைக்கு இரண்டு பெண்கள். பதினோரு பேரும் கூடிப் பேசி, வீட்டுச் சந்தில் படகு கட்டும்போது வழுக்கி விழுந்தான் என்று எழுதிக்கொடுத்தார்கள். நிவாரணம் வந்தது. மலிகா அம்மாவும் அதற்காகவே முகத்துவாரம் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். நண்பனின் குடும்பத்துக்காக நண்பனின் சாவையே மாற்றி எழுதினார்கள் பாவிகள்! பாசத்தால் அவர்கள் மறைத்தார்கள். அந்த வெற்றிடத்தில் என் பொய் வந்து உட்கார்ந்துகொண்டது. மங்கைக்கு உண்மை தெரியும். கடப்பாரையோடு அவன் வாசல் தாண்டியதைப் பார்த்தவள் அவள். தெரிந்தும், நான் மணல்வீடு என்று சிரிக்க வைத்தபோது, வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது சொல்லுங்கள், யாரைத் திட்டுவது? அந்த மனிதரையா? அவர் ரொட்டி கொடுத்தார், பசித்தவன் தின்றான், அது குற்றமில்லை. ஆனால் அவர் என்ன கற்றுக்கொண்டார்? மணல் அள்ளினால் ஓட்டு இல்லை, பொட்டலம் கொடுத்தால் ஓட்டு உண்டு என்று கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தது யார்? நாம்! வெள்ளம் வரும் முன் உழைத்தவரை வீட்டுக்கு அனுப்பினோம், வெள்ளம் வந்த பின் வந்தவரை மன்றத்துக்கு அனுப்பினோம். அப்புறம் அவர் ஏன் ஐப்பசியில் இயந்திரத்தைத் தேடி அலையப் போகிறார்? இரண்டு ஐப்பசி போய்விட்டது. முகத்துவாரத்தில் ஒரு கூடை மண் எடுக்கவில்லை. இன்று காலை போய் இறங்கிப் பார்த்தேன். நடு வாய்க்காலில் எனக்கு முழங்கால் தண்ணீர், நான் ஒன்றும் பெரிய உயரமில்லை. மலிகா அம்மாவிடம் போய், மறுபடி நில்லுங்கள் அம்மா என்றேன். "வாணாம்பா, ஒருத்தனைக் கடல்ல வுட்டுட்டு வந்தவ நானு, அதுக்கு மேல ஜனம் சிரிச்சதையும் பாத்துட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். இனி அந்த மண்ணை அள்ள யார் வருவார்? போன வெள்ளத்தில் நமக்குப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வரும் வெள்ளத்தில் கடப்பாரை எடுக்க எவனுக்கு மனசு வரும்?

நாளை காலை உங்கள் பஞ்சாயத்து கூடுகிறது, யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்ய. இன்னாருக்குப் போடு என்று சொல்ல எனக்கு வாயில்லை. வருகிறவர்கள் அத்தனை பேரையும் அந்த முகத்துவாரத்துக்கு அழைத்துப் போங்கள். இறங்கி நிற்கச் சொல்லுங்கள். தண்ணீர் அவர்கள் எந்த இடம் வரைக்கும் வருகிறது என்று பாருங்கள், அப்புறம் பேசச் சொல்லுங்கள்.

நேற்று மாலை மங்கை வீட்டுக்குப் போய், இதை மேடையில் சொல்லட்டுமா, நிவாரணத்தைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பார்கள் என்றேன். "கேட்டா கேக்கட்டும். எம் புருசன் வூட்டாண்ட வழுக்கி வுழுந்து செத்தான்னு காயிதத்துல கீது. என் பொண்ணுங்க அதைப் படிச்சிகினு வளருதுங்க. கடப்பாரையோட செத்தான்னு சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன். மங்கை, இந்த ஊர் அறிய, உன் கணவன் படத்தின் முன்னால் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

இன்னா தங்கச்சி? எழுந்துட்ட? இரு, இரு, எல்லாரும் உட்காருங்க, அவ பேசட்டும். மைக்கை அங்கே குடுங்கப்பா. வேணாமா? சரி, சொல்லு.

கேட்டீர்களா? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, அவள் சொன்னதை அப்படியே நானே சொல்கிறேன். "மன்னிப்பு எனக்கு வாணாண்ணே. எங்க மின்னாடி அழுதுட்டு நீ வூட்டுக்குப் போயி தூங்கிடுவ. நாப்பத்திரெண்டு எடத்துல சொன்ன இல்ல? நாப்பத்திரெண்டு எடத்துலயும் போயி மாத்திச் சொல்லு. அதுக்கப்பால வந்து கேளு."

சரி தாயே. இந்த ஊர் ஒன்று முடிந்தது. இன்னும் நாற்பத்தோரு இடம் இருக்கிறது, தேர்தலுக்குப் பத்தொன்பது நாள் இருக்கிறது. நாளை சாயந்திரம் டோல்கேட், அந்த பேனருக்கு நேர் கீழே. எனக்கு மேடை போட மாட்டார்கள், மைக் தர மாட்டார்கள், அடித்தாலும் அடிப்பார்கள். டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்று சொல்வேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும், பொறுக்காமல் எழுந்து கேட்ட மங்கைக்கும் நன்றி. வணக்கம், போய் வருகிறேன்.