மலையேறிய வள்ளம்

லீமா: அந்த ஸ்கிரிப்ட இன்னொருக்க ஓட்டிப் பாரு.

ஜெஃப்ரின்: ஓட்டியாச்சு ஏட்டி. எத்தன தடவதான்... கடல்ல கெடக்கிற வள்ளம் எல்லாம் மேப்பு படத்துல நிக்கு. உனக்க தம்பிக்க வள்ளம் மட்டும் இல்ல.

லீமா: அதெப்பிடி? நம்பரு ஃபைல்ல இருக்குல்லா?

ஜெஃப்ரின்: இருக்கு. அல்போன்ஸ் மாமா கரையில இருந்து வயர்லெஸ்ல கேட்டு அனுப்புன மூணு ஜிபிஎஸ் நம்பரும் அப்பிடியே இருக்கு. விடிஞ்ச உடனே ஒண்ணு, பொறவு ஒண்ணு, எட்டு மணிக்குக் கடைசியா ஒண்ணு. நம்ம ஸ்கிரிப்ட் அத வாசிக்கு. வாசிச்சிட்டு முழுங்கிருது.

லீமா: பைய பேசு. அம்ம பொறத்த இருந்து மீன் வெட்டுகா. எஞ்சின் நிண்ண வெவரம் அவளுக்குத் தெரியாது.

ஜெஃப்ரின்: ஊருக்கே தெரிஞ்சிருக்குமே...

லீமா: கோயில் மைக்குல சொல்லாதீங்கண்ணு மாமாட்ட காலைலேயே சொல்லிட்டேன். அவ பிரஷர்காரி. அப்பாவ கடல் கொண்டு போன பொறவு, சுஜின் வர ஒரு மணிக்கூறு பிந்துனாலே கரையில போய் நிக்கியவ. இது தெரிஞ்சா விழுந்திருவா.

ஜெஃப்ரின்: சரி, சரி. நீ அழாத. நீ அழுதா நான் எப்பிடி டைப் பண்ண?

லீமா: யாரு அழுதா? நீ ஸ்கிரீனப் பாரு.

செசிலி: ஏட்டி லீமா, உள்ள என்ன குசுகுசுக்கிய?

லீமா: ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ் வேல. டெஸ்டிங்.

செசிலி: ஞாயித்துக்கெழமையுமா?

ஜெஃப்ரின்: ஆமா அத்த. வள்ளக்காரங்க சொல்லுற நம்பர இதுக்குள்ள போட்டா, அதுவே படம் வரஞ்சு, வள்ளம் எந்தப் பக்கம் ஒழுகிப் போவுண்ணு கோடு போட்டுக் குடுக்கும். அதத்தான் சரி பண்ணுகோம்.

செசிலி: சரி பண்ணுங்க மக்கா. சாயா கொண்டு வாறேன்.

லீமா: நீ எதுக்குலே அவட்ட வள்ளம், கிள்ளம்ணு...

ஜெஃப்ரின்: கேட்டா என்ன சொல்லட்டு? கல்யாணப் பத்திரிக அடிக்கோம்ணா?

லீமா: இரு, மாமா கூப்பிடுகாரு... சொல்லுங்க மாமா... இன்னும் இல்ல மாமா... என்னது, அங்க இல்லியா? எட்டு மணி நம்பர்ல போய் பாத்தாச்சா?... சரி... சரி மாமா. பத்து நிமிசம் குடுங்க.

ஜெஃப்ரின்: என்னவாம்?

லீமா: தேடப் போன வள்ளம் அந்த எடத்துக்குப் போயிட்டு. அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் தண்ணி. இப்ப மேக்க பாத்து தேடுகாங்களாம். கடல் ஓட்டம், அந்த நீவாடு, இழுத்துட்டுப் போயிருக்கு. சுஜினுக்க வயர்லெஸ்ல பேட்டரியும் தீந்துட்டு, இனி அவன் நம்பர் சொல்ல மாட்டான். எந்தப் பக்கம் தேடணும்ணு நம்ம படம்தான் சொல்லணும்.

ஜெஃப்ரின்: தேடப் போனது யாரு?

லீமா: மரியான் அண்ணன்.

ஜெஃப்ரின்: எந்த மரியான்? வல அறுந்த சண்டைக்குப் பொறவு உங்க வீட்டு முகத்துலயே முழிக்காதவரா?

லீமா: அவருதான். மாமா ஆள் கேக்குறதுக்கு முன்னாலேயே வள்ளத்த எறக்கிட்டாராம். எனக்கும் வெளங்கல.

ஜெஃப்ரின்: அவருட்ட யாரு சொன்னா?

லீமா: அது இப்ப எதுக்கு மக்கா? இதப் பாரு. வெயில் ஏறுனா காத்தும் பிடிக்கும். அவன் கெடக்கிற பக்கம் கப்பலு ஓடுற வழி. எஞ்சின் இல்லாத வள்ளம் குறுக்க கெடந்தா கப்பல்காரனுக்குத் தெரியவா போவு?

ஜெஃப்ரின்: சரி. வரி வரியா பாப்போம். நம்பர வாசிக்கிற எடத்துல ஒரு பிரிண்ட் போடுகேன்... வருவு. மினிட்ட டிகிரியா மாத்துற எடத்துல ஒண்ணு... அங்கயும் வருவு. அடுத்தது கர ஃபில்ட்டர்... ஆங். இங்கதான் போச்சு.

லீமா: எந்த ஃபில்ட்டர்?

ஜெஃப்ரின்: போன மாசம் ஒரு வள்ளம் ஆரல்வாய்மொழியில கரண்டு எடுக்கிற காத்தாடிக்க மேல போய் நிண்ணுதுல்லா. நீ கூட சிரிச்சு சிரிச்சு...

லீமா: யாரோ நம்பர தப்பா அடிச்சது.

ஜெஃப்ரின்: அதுக்காவ நான் ஒரு வரி எழுதுனேன். புள்ளி கரையில விழுந்தா பேசாம தள்ளிருண்ணு.

லீமா: பேசாமலா? ஒரு மெசேஜ் கூட காட்டாமலா?

ஜெஃப்ரின்: ...படம் பாக்க அழகா இருக்கட்டும்ணு.

லீமா: அழகு. எனக்க தம்பி கடல்ல கெடக்கான், ஒனக்கு அழகு வேணும். தூக்கு அந்த வரிய.

ஜெஃப்ரின்: தூக்கியாச்சு. ஓட்டுகேன்.

செசிலி: சாயாவ குடிங்க மக்கா. படம் வந்துட்டா?

லீமா: இந்தா வந்துரும்மா. நீ போ.

செசிலி: சாளைய கொழம்பு வைக்கவா, பொரிக்கவா?

லீமா: என்னமும் வையி.

செசிலி: சுஜினுக்குப் பொரிச்சாத்தான் எறங்கும்... நான் போறேன். நீங்க பாருங்க.

ஜெஃப்ரின்: ஏட்டி... சாயாயில சீனியே இல்ல.

லீமா: மறந்திருப்பா. குடி.

ஜெஃப்ரின்: அத்த சாயாயில சீனிய மறப்பாளா?

லீமா: லேய், ஸ்கிரீனு. வந்துட்டு பாரு. அவனுக்க வள்ளம்... மூணு புள்ளியும் இருக்கு. எங்க இது? ஏன் இவ்வளவு வடக்க?

ஜெஃப்ரின்: இரு, கிட்ட கொண்டு வாறேன்... ஏட்டி, இது குற்றாலம்.

லீமா: என்னது?

ஜெஃப்ரின்: குற்றாலம். அருவிக்குப் பக்கத்துல மலை மேல நிக்கு உனக்க தம்பிக்க வள்ளம்.

லீமா: வெளையாடாத மக்கா...

ஜெஃப்ரின்: சத்தியமா. வேணும்ணா நீயே பாரு.

லீமா: அவன் சொன்ன நம்பர் என்ன? வாசி.

ஜெஃப்ரின்: அம்பத்திரண்டு, பதினஞ்சு. அவ்வளவுதான். டிகிரி யாரு சொல்லுகா? முன்னால உள்ள எட்டும் எழுவத்தேழும் எல்லாருக்கும் தெரியும்ணு மினிட்ட மட்டும் சொல்லுவாங்க. அதனாலதான நாமளே முன்னால எட்டு சேத்துக்கோண்ணு எழுதி வச்சோம்.

லீமா: ...எட்டு.

ஜெஃப்ரின்: எட்டுதான? நம்ம ஊரு எட்டு டிகிரியில்லா?

லீமா: நம்ம ஊரு எட்டு. அவன் எங்க கெடக்கான்? தெக்க. நம்ம கரைய விட்டு கொஞ்ச தூரம் தெக்க போனாலே எட்டு முடிஞ்சு ஏழு வந்துருமே.

ஜெஃப்ரின்: ஏட்டி...

லீமா: ஏழு டிகிரி அம்பத்திரண்டு மினிட்டுண்ணா நடுக்கடல். எட்டு டிகிரி அம்பத்திரண்டு மினிட்டுண்ணா குற்றால மலை. மலையில ஏத்தி விட்டது நாம. கரையில விழுந்துட்டுண்ணு பேசாம அழிச்சதும் நாம.

ஜெஃப்ரின்: இத்தன நாளும் சரியா வந்துதே?

லீமா: இத்தன நாளும் நாம யாருக்க நம்பர போட்டு டெஸ்ட் பண்ணுனோம்? கரையப் பிடிச்சு ஓடுற வள்ளம். அதெல்லாம் எட்டுக்குள்ளதான் நிக்கும். வெளியூர்க்காரன் எழுதிருந்தா மொதல்ல டிகிரி எங்கண்ணு கேட்டிருப்பான். நாம ரெண்டும் இந்தக் கடக்கரையில பொறந்ததுகள், கேக்கவே தோணல.

ஜெஃப்ரின்: இப்ப என்ன செய்ய? எட்ட எடுத்துட்டு ஏழு போடட்டா?

லீமா: போட்டா கரையில நிக்கிற வள்ளம் எல்லாம் கடலுக்குள்ள போயிருமே. இரு... நம்ம மாவட்டத்துக்க வடக்குக் கர எதுவர வரும்? எட்டு டிகிரி இருவது மினிட்டு தாண்டாது. அதனால மினிட்டு இருவதுக்கு மேல இருந்தா ஏழு. இல்லண்ணா எட்டு. எழுது.

ஜெஃப்ரின்: ...எழுதிட்டேன். ஓட்டுகேன். ச்சே.

லீமா: என்ன?

ஜெஃப்ரின்: எர்ரர். வரி தள்ளி நிக்காம். ஸ்பேஸ் ஒண்ணு கூடிப்போச்சு ஏட்டி.

லீமா: தள்ளு. நான் அடிக்கேன்... இந்தா. ஓடு, ஓடு...

ஜெஃப்ரின்: வந்துட்டு.

லீமா: கடல்ல இருக்கு. மக்கா, கடல்ல இருக்கு.

ஜெஃப்ரின்: மூணு புள்ளியும் ஒரே வரிசையில. கோடும் போட்டுட்டு. தெங்கெழக்க இழுக்கு. இப்ப இங்க நிப்பான்... மரியான் அண்ணன் தேடுகது மேக்க. நேர் மாறு.

லீமா: போனக் குடு... மாமா, எழுதிக்கோங்க. ஏழு டிகிரி... சரி மாமா, ஏழு சொல்ல வேண்டாம், அது அவருக்குத் தெரியும். நாப்பத்தொம்பது, இருவத்தொண்ணு. மேக்க தேட வேண்டாம்ணு சொல்லுங்க. தெங்கெழக்க போணும்... ஆமா, உறுதியா சொல்லுகேன்... சரி.

ஜெஃப்ரின்: உறுதியாவா சொன்ன?

லீமா: பின்ன? அரகொறயா சொன்னா அவரு திரும்புவாரா?

ஜெஃப்ரின்: தப்பா இருந்தா...

லீமா: இருக்காது. குற்றாலத்துல நிண்ண போது எனக்குத் தப்புண்ணு தெரிஞ்சுது. இப்ப சரிண்ணு தெரியு.

ஜெஃப்ரின்: அப்பிடியா? பின்ன எதுக்கு எனக்க கைய இப்பிடி நெரிக்க?

லீமா: ...நான் எப்ப பிடிச்சேன்?

ஜெஃப்ரின்: அப்பவே பிடிச்ச. விட வேண்டாம், இருக்கட்டு.

செசிலி: படம் வந்துட்டா மக்கா?

லீமா: வந்துட்டும்மா.

செசிலி: சரியா வந்துட்டா?

ஜெஃப்ரின்: வந்துட்டு அத்த. நல்லா வந்துட்டு.

செசிலி: ம்... நல்லது.

லீமா: ஏன்லே இன்னும் கூப்பிடல?

ஜெஃப்ரின்: எஞ்சின் சத்தத்துல வயர்லெஸ் கேக்கணும், ஆளத் தேடணும், கயிறு கெட்டணும். உடனேயா?

லீமா: கொஞ்சம் பேசாம இரு.

ஜெஃப்ரின்: இருக்கேன்.

லீமா: இல்ல, என்னமும் பேசு.

ஜெஃப்ரின்: உனக்க தம்பி எனக்க கிரிக்கெட் பேட்ட வாங்கிட்டுப் போனான். இன்னும் தரல. வந்த உடனே கேக்கணும்.

லீமா: வரட்டு, ரெண்டு பேட் வாங்கித் தாறேன்... அடிக்கு. மாமாதான். நீ எடு. எனக்கு முடியாது.

ஜெஃப்ரின்: மாமா, ஜெஃப்ரின்... ம்... ம்... மாமா, இன்னொருக்க சொல்லுங்க, லீமா கேக்கட்டு.

லீமா: ...கெடச்சிட்டா? நாம சொன்ன எடத்துலயா? பக்கத்துலயேவா?... எல்லாரும் சொகமா?... கயிறு கெட்டி இழுத்துட்டு வாறாங்களா... மாதாவே... சரி மாமா. நான் அப்பொறம் பேசுகேன்.

ஜெஃப்ரின்: இப்ப அழு. இப்ப அழலாம்.

லீமா: நீயும்தான் அழுக.

ஜெஃப்ரின்: சாயாயில சீனி இல்லியே, அதுக்கு.

லீமா: மக்கா, அம்மைட்ட சொல்லிருவோமா? இனி சொல்லலாம்லா?

ஜெஃப்ரின்: சொல்லு. மொதல்ல அவள இருக்கச் சொல்லு, பொறவு சொல்லு.

லீமா: அம்மா, இங்க வா. இப்பிடி இரி. நான் ஒண்ணு சொல்லுகேன், நீ பேடிக்கக் கூடாது. எல்லாம் நல்லபடியா முடிஞ்சாச்சு. காலைல இருந்து நாங்க செஞ்சது டெஸ்டிங் இல்ல. நம்ம சுஜினுக்க வள்ளம்... அம்மா, உனக்க கையில என்ன? இது காலைல வெட்டுன அதே சாளையா? இன்னுமா வெட்டுக?

செசிலி: விடியக்காலம் கரையில வெவரம் கேட்ட உடனே மரியானுக்க வீட்டு நடையில போய் நிண்ணு, பழசெல்லாம் மறந்துரு, எனக்க பிள்ளையத் தேடிட்டு வாண்ணு கும்பிட்டது பின்ன யாருண்ணு நெனச்ச? எனக்குத் தெரியும்ணு தெரிஞ்சா, நீ என்னப் பாப்பியா, அந்தப் படத்தப் பாப்பியா? அதான் மீனக் கையில வச்சிட்டு பொறத்த இருந்தேன். அந்த சாயாய கீழ ஊத்துங்க மக்கா... சீனி போட்டு வேற கொண்டு வாறேன்.