ஃபோன் அடித்தால் மட்டும்

உங்கள் ஃபோனைச் சத்தமில்லாமல் போட்டுவிடுங்கள், ஐயா. பேச்சு நடுவில் அது சிணுங்கினால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும். என்னுடையதை உங்கள் ஆட்கள் எடுத்து வைத்துவிட்டார்கள், அந்தக் கவலை இல்லை.

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கார்டில் 'டிஜிட்டல் உருமாற்ற அதிகாரி' என்று போட்டிருக்கும். பிரிண்டருக்கு மை ஊற்றுவதும் நான்தான்.

மண்சரிவு எச்சரிக்கைச் செயலியைச் செய்தது நான். மேல்சரிவில் மழைமானி; அளவு மீறினால் கீழ் லயத்துத் தொழிலாளர் வீடுகளில் எல்லார் ஃபோனும் சங்கு மாதிரி அலற வேண்டும். இதில் இரண்டு தடம் உண்டு. ஒன்று சோதனைக்கு, மற்றது நிஜத்துக்கு. சோதனைப் பிரதி ஏற்றிய ஃபோனுக்கு நிஜத் தடத்தில் அனுப்பினால் போய்ச் சேராது. எங்கள் தொழிலில் இது பாலபாடம்.

திறப்பு விழாவுக்குள் நிஜத் தடம் தயாராகவில்லை. திறந்துவைக்கும் பிரமுகர் டத்தோ வரும் தேதி மட்டும் தயாராக இருந்தது. அதனால் எல்லார் ஃபோனிலும், டத்தோ ஃபோனிலும்கூட, சோதனைப் பிரதியையே ஏற்றினேன். மேடையில் டத்தோ பெரிய சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அந்தப் பொத்தானுக்கு வயரே கிடையாது. திரைக்குப் பின்னால் லேப்டாப்பில் தட்டியது நான். மண்டபமே அலறியது. டத்தோ தம் சட்டைப்பையைப் பார்த்துத் தாமே ஒரு துள்ளுத் துள்ளினார். பிறகு 'உலகத் தரம்' என்று நெடுநேரம் பேசினார்.

கீழ் லயத்துத் தங்கம்மா அக்கா மட்டும் என்னிடம் வந்தார், கொழுந்து பறிக்கிறவர்.

"குகன் தம்பி, இது மழைக்கு அடிக்குமா, இல்ல டத்தோ வந்தாத்தான் அடிக்குமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "மழைக்கும் அடிக்கும்க்கா," என்றேன்.

சீக்கிரமே நிஜத் தடத்தை முடித்து மழைமானியை அதில் இணைத்துவிட்டேன். ஃபோன்களில் இருந்தது மட்டும் பழைய சோதனைப் பிரதி. அதை அழித்துப் புதிதை ஏற்றப் போனால், அன்றைக்கு அடித்தது என்ன என்று கேட்பார்கள். இந்தச் செயலிக்காக விருதுக்கு என் பெயர் போயிருந்த சமயம். விருது முடியட்டும் என்று வைத்தேன். நியாயமான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

லயத்தில் ஒரு பழக்கம் இருந்தது. மழை வலுத்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு ஏறிவிடுவார்கள். மறுநாள் வேலைக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். தோட்டத்து மேனேஜர் துரைக்கு அது பிடிக்காது. ஆகவே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: இனி ஃபோன் அடித்தால் மட்டும் ஏறுங்கள். நல்ல ஜனங்கள், கேட்டுக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு மத்தியானம் தானா ராத்தா டவுன் ஹோட்டலில் விருது விழா. மடியில் லேப்டாப். மழைமானி எல்லை தாண்டியது, எச்சரிக்கை புறப்பட்டது, 'பெற்றவர்: யாருமில்லை' என்றது திரை. சோதனைத் தடத்தில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் லயம் முழுக்க அடித்திருக்கும். கூடவே முன்வரிசையில் டத்தோ பையிலும் அடித்திருக்கும், 'சோதனை' என்ற தலைப்போடு. அடுத்துக் கூப்பிடப்போவது என் பெயர். லேப்டாப்பை மூடினேன்.

அப்போது அக்காவின் குரல் பதிவு வந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

"தம்பி, மழ கொட்டுது லா. சாக்கடக் கான்ல சேத்துத் தண்ணியா வருது. எங்க வீட்டுக்காரருக்குக் காலு முடியல, தூக்கிக்கிட்டுத்தான் ஏறணும். ஃபோனு இன்னும் அடிக்கல. போவவா, இருக்கவா? நீ சொன்னா சரி."

ஒரு வீடு ஏறினால் லயமே பின்னால் ஏறும். ஃபோன் ஏன் அடிக்கவில்லை என்ற பேச்சு வரும். துரை என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். நான் எழுதினேன்: "அடிக்கலன்னா பயமில்லக்கா. வீட்லயே இருங்க."

பிறகு மேடை ஏறினேன். நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் சரிவு இறங்கியது என்று நீங்கள் சொல்லித் தெரியும். அக்காவையும் அவர் வீட்டுக்காரர் செல்லையா அண்ணனையும் கதவுக்கு உள்பக்கம்தான் எடுத்தார்களாம். பக்கத்து வீட்டாரையும்.

தெரிந்தேதான் செய்தேன், ஐயா, மறுக்கவில்லை. ஆனால் செய்தி போகவில்லை என்று மட்டும் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள், என் வேலைக்கு அது இழுக்கு. சேற்றிலிருந்து எடுத்த அக்காவின் ஃபோனைத் திறந்து பாருங்கள். அன்று நான் அனுப்பிய செய்தி உடனே போய்ச் சேர்ந்திருக்கிறது. படித்தும் இருக்கிறார்.