ஐம்பதுக்குப் பின் ஒரு புள்ளி

இரவு ஒன்பதரை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோடு. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, விளக்கே கிடையாது. இது நம்ம கோகுலின் சித்தப்பா மகன் அழகுராஜாவுக்கு நடந்தது.

பைக்கில் தனியாக வந்தான். வழக்கமாகப் பின்னால் உட்காரும் மாரிசெல்வம் அன்று மாலை வகுப்புக்கு வரவில்லை. வராததும் நல்லதாகப் போயிற்று.

இரும்பைக் கடையும் கம்ப்யூட்டர் லேத்துக்குப் புரோகிராம் எழுதும் வகுப்பு. மறுநாள் கோயம்புத்தூர் கம்பெனிக்காரர் வருகிறார். யார் கடைகிற இரும்பு பீஸ் அளவு தப்பாமல் வருகிறதோ அவனுக்கு வேலை. ஒரே வேலை. அழகுராஜா மூன்று நோட்டு எழுதியும் எங்காவது பிசகுவான். மாரிசெல்வமோ ஸ்டார்ட் பட்டனைத் தொடுமுன் மெஷினின் கண்ணாடிக் கதவை விரலால் தட்டுவான்... டொக், டொக். பீஸ் சரியாக வந்து நிற்கும். அந்தச் சத்தம் கேட்டாலே அழகுராஜாவுக்கு வயிறு எரியும்.

அன்று லேப்பைப் பூட்டுகிற முறை அவனுடையது. எல்லோரும் போன பிறகு மாரிசெல்வத்தின் புரோகிராமைத் திறந்தான். இசட், ஐம்பது, ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை மட்டும் அழித்தான். புள்ளி இருந்தால் வெட்டும் டூல் ஐம்பது மில்லிமீட்டர் விலகும். இல்லாவிட்டால் தலைமுடி அளவுதான்... அடுத்த நகர்வில் சுழலும் இரும்பில் போய் மோதும். யாரும் திருத்த முடியாதபடி எடிட் சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கண்மாய்க்கரை வளைவு. பைக்கின் பின்சீட் அமுங்கியது. லேத்தில் ஊற்றும் கூலன்ட் எண்ணெய் வாடை... முதுகில் இரண்டு தட்டு.

"ஏலே அழகு... நாளைக்கு என்னுதை நீயே ஓட்டுலே."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில்தான் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கே பந்தல்குடியில் லாரி மோதி மாரிசெல்வம் செத்துப் போயிருந்தான்.

வாத்தியார் சௌந்தரபாண்டியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பய எழுதுன கடைசி புரோகிராமு. கம்பெனிக்காரவுக பாக்கட்டும். கூட்டாளி நீதான ஓட்டணும், அழகு."

சொன்னால் வேலை போச்சு. நொறுங்கட்டும், பழி செத்தவன் மேல்தானே... கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினான்.

டூல் வெட்டியது. ஐம்பது மில்லிமீட்டர் விலகி நின்றது.

கம்பெனிக்காரர் பீஸை அளந்தார். "அளவு சுத்தமா இருக்கு."

திரையில் புள்ளி இருந்தது. செத்தும் முந்திவிட்டானே என்று அப்போதும் அவனுக்கு எரிந்தது.

"அடுத்து உன்னுது."

அவனுடைய புரோகிராம் திரைக்கு வந்தது. இசட், ஐம்பது. புள்ளி இல்லை.

சட்டைப் பையைத் தடவினான். சாவி அங்கேயேதான் இருந்தது. ராத்திரி முழுக்க அங்கேயேதான் இருந்தது.

மூடிய கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து... டொக், டொக்.