ஏணியடியில் நின்றவள்

குறுநாடகம் பார்க்கப் போகும்போது வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. என் வகுப்பில் முதல் நாள் இதைத்தான் சொல்வேன். பெரிய நாடகம் என்றால் நடுவில் கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் கதை நம்மை விட்டுவிட்டுப் போகாது. குறுநாடகம் அப்படியில்லை. கைப்பையை மடியில் வைப்பதா கீழே வைப்பதா என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் மேடையில் ஒருவர் தன் வாழ்க்கையைத் தொலைத்துவிட்டிருப்பார்.

நீங்கள் ஏணியைப் பற்றித்தான் கேட்டீர்கள். வருகிறேன். என் தங்கையைப் பற்றிச் சொல்லாமல் ஏணியைப் பற்றி மட்டும் சொன்னால், நான் ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டது போல ஆகிவிடும். எனக்கு ஆத்திரமே வராது. என்னோடு பழகிய யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் வேலை நாடகங்களை ரசிப்பது. ஒரு வாரப் பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறேன், கல்லூரியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். பழைய நாடகங்களைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இன்றைக்கு எழுதுகிறவர்கள், இன்னும் பேர் வாங்காதவர்கள், அவர்கள் எழுதும் சின்னச் சின்ன நாடகங்கள், இவைதான் என் துறை. மாதத்துக்கு ஒருமுறை அச்சகத்துக்கு மேலே இருக்கும் கூடத்தில் புது நாடகங்கள் போடுவோம். முடிந்ததும் விளக்குகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பேசுவோம். முதலில் நான்தான் பேச வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். நான் முகத்தாட்சண்யம் பார்த்துப் பேச மாட்டேன் என்று எல்லாருக்கும் தெரியும். என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று ஏங்கியவர்கள் உண்டு. நான் பேசி முடிப்பதற்குள் எழுந்து படிக்கட்டில் போய் நின்று அழுதவர்களும் உண்டு.

சின்னவளை நான்தான் வளர்த்தேன். அப்பா முகம் அவளுக்கு நினைவில்லை. அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி வந்துவிட்டது. அம்மா போன பிறகு ஒரு வாரம் அறையைச் சாத்திக்கொண்டு இருந்தவள், வெளியே வரும்போது ஒரு நாடகத்தோடு வந்தாள். மறதி வந்த அம்மாவிடம் மகள் தினமும் காலையில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். ஒருநாள் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னைப் பெத்தவ குடுத்து வெச்சவ” என்கிறாள். அவ்வளவுதான் நாடகம். முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. ஒருவர் குடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு மழையில் நனைந்துகொண்டு போனார். என்னாலும் அன்று பேச முடியவில்லை. இத்தனை வருடம் நான் காத்துக்கொண்டிருந்த எழுத்து என் வீட்டு அடுப்படியிலேயே வளர்ந்திருக்கிறது.

பிறகு கூடத்துக்கு விளக்கு அமைக்க ஒருவர் வந்தார். எல்லாரும் அவரை மின்னல் என்று கூப்பிடுவார்கள். “வெளிச்சம் போட யாராலயும் முடியும். சரியான நேரத்துல இருட்டாக்கறதுதான் வித்தை” என்பார். எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. சின்னவள் அந்தச் சிரிப்பில் விழுந்துவிட்டாள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனார்கள். அதன்பிறகு அவள் எழுதியதை முதலில் படித்தவர் அவர். அது இயற்கைதான். நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சம்பந்தம் உள்ளது வேறு. அவள் எழுத்து கெட்டுப் போயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் பல்பு வாங்கக் கடைக்குப் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சமாதானமாகிறார்கள். இப்படி ஒன்று. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், படியிறங்குவதற்குள் மறந்தும் போனார்கள். அவள் சந்தோஷமாக இருந்தாள். சந்தோஷமாக இருப்பவளிடம் யார் என்ன சொல்ல முடியும்?

அவர்கள் ஒரு பூனை வளர்த்தார்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் என்னிடம் இருந்த சாவியால் திறந்து, பூனையைக் கூடையில் வைத்து, வெளியூர் போகும் ஒரு லாரி ஓட்டுநரிடம் கொடுத்தேன். அவர் பூனைப் பிரியர்தான், விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தேன். சின்னவள் தெருத் தெருவாகத் தேடினாள். கம்பங்களில் பூனையின் படத்தை ஒட்டினோம். பசை நான்தான் காய்ச்சினேன். அடுத்த மாதம் அவள் ஒரு நாடகம் கொண்டுவந்தாள். ஒரு பெண் தெருவில் நின்று பூனையைக் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர், தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வெளியே வருகிறார்கள். என் கணக்கு தப்பவில்லை.

ஆனால் பூனை போன துக்கம் ஒரு நாடகத்துக்குத்தான் வந்தது. மின்னல் இன்னொரு பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீடு மறுபடி கலகலப்பாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்துச் சின்னவள் என் வீட்டுக்கு வந்து, இனிமேல் எழுதப் போவதில்லை என்றாள். வருத்தமாகக் கூடச் சொல்லவில்லை. ஜன்னலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

“எழுதலேன்னா என்னக்கா? நான் நல்லாத்தானே இருக்கேன்.”

நான் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். இருக்கட்டும், அவசரமில்லை என்றேன்.

அந்த மாதக் கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் கூடத்தில் நானும் மின்னலும்தான் இருந்தோம். உத்தரத்தில் ஒரு விளக்கை மாற்ற வேண்டியிருந்தது. ஏணியின் அடியில் ரப்பர் தேய்ந்து போயிருக்கிறது, கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றார். பிடித்துக்கொண்டேன். உச்சிக்கு ஏறி, வேலை செய்துகொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பிறகு விழுந்தார். மேடையின் விளிம்பில் தலை பட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டார். போன் அடித்தது, எடுக்கத் திரும்பினேன், ஏணி வழுக்கிவிட்டது என்று அன்று உங்கள் ஸ்டேஷன் ஆட்களிடம் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

சின்னவளை என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். சோறு பிசைந்து ஊட்டினேன். தலை வாரிவிட்டேன். ஜன்னலோரம் மேஜை போட்டுக் காகிதமும் பேனாவும் வைத்தேன். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நான் உடைந்து போயிருப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்கிறது. ஒருநாள் சமையலறைக்கு வந்து பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு, “உன் மேல தப்பு இல்லக்கா. நீ அதையே நெனச்சு நெனச்சு சாகாத” என்றாள். அதற்கு அடுத்த நாள்தான் மேஜையில் உட்கார்ந்தாள்.

எழுதியதை என்னிடம் காட்டவில்லை. கூட்டத்திலேயே பார்த்துக்கொள் என்றாள்.

போன வாரம் அதைப் போட்டார்கள். ஏணி உச்சியில் ஒருவர் விளக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். கீழே மனைவியின் அக்கா பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் பல்பைப் பற்றி ஏதோ கேலி பேசுகிறார். போன் அடிக்கிறது, அவள் திரும்புகிறாள், இருட்டு. மறுபடி வெளிச்சம் வரும்போது அவர் அதே உயரத்தில் அந்தரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஏணி கீழே கிடக்கிறது. எப்படிச் செய்தார்கள் என்று தெரியவில்லை, மிக அழகாகச் செய்திருந்தார்கள். அக்கா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். அவர் மேலிருந்து, “போன்ல யாரு அக்கா?” என்கிறார். தெரியாது, எடுக்கவில்லை என்கிறாள். “எடுத்துப் பேசுங்க. எத்தனை நாள் அடிச்சுக்கிட்டே இருக்கும்? நான் இங்க நல்லாத்தான் இருக்கேன்” என்கிறார். அவள் எழுந்து போகிறாள்.

கூடம் முழுக்க விசும்பல். அது எனக்காக எழுதப்பட்டது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. என்னை விடுவிப்பதற்காக எழுதியிருக்கிறாள். விளக்கைப் போட்டார்கள். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. சின்னவள் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். வெகுநாள் கழித்து அவள் முகத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் இருந்தது.

நான் நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். எழுந்து நின்று, இதுவரை நீ எழுதியதிலேயே இதுதான் உச்சம் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அந்தப் போன் பொய்யாக இருக்கிறது என்றேன். எழுதுகிறவர் தன் பாத்திரத்தின் மீது பிரியப்பட்டு அதைக் காப்பாற்றப் பார்க்கிறார், அந்த இடத்தில் நாடகம் பலவீனமாகிவிடுகிறது என்றேன்.

“அப்போ அவ ஏன்க்கா கையை எடுத்தா?” என்று சின்னவள் கேட்டாள். நாடகத்தைப் பற்றித்தான் கேட்டாள்.

“எடுக்கணும்னு எடுத்தா. மொதல்ல இடது கை. அவர் மாடி ரூமைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாரு. அதை முடிக்கட்டும்னு நின்னா. அப்புறம் வலது கை. அப்புறம் காலால ஏணியோட அடியை ஒரு தள்ளு.”

யாரோ இருமினார்கள். சின்னவள் எழுந்து நின்றாள்.

“மாடி ரூமா?”

அவள் என் பக்கமாக ஓரடி வந்தாள்.

“உன்னை எங்ககூட வந்து இருக்கச் சொல்லிக் கேக்கணும்னு அன்னிக்குக் காலைலதான் பேசிக்கிட்டோம். யார்கிட்டயும் நான் சொல்லல.” குரல் மிகவும் தணிந்திருந்தது. “கேட்டுட்டாரா?”

“கேட்டாரு. ரூம் சும்மாத்தான் கெடக்கு, வந்துடுங்கக்கான்னாரு.”

பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உங்களுக்கு யார் சொல்லியனுப்பினார்கள் என்று தெரியாது. நீங்கள் வந்தபோது நான் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தேன், நானாகவே உங்களோடு வந்தேன்.

ஆமாம், நான்தான் தள்ளினேன். நல்ல மனிதர். அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. அவர் போனதற்கு நானும் அழுதேன், அந்த அழுகை நடிப்பில்லை. ஆனால் அந்த நாடகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போன் அடிக்கிற இடத்தை மட்டும் எடுத்துவிட்டால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை அவளிடம் வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லாரும் அவள் மனம் நோகக் கூடாது என்று பார்ப்பவர்கள்.

அவள் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.